சத்தம் போடாத கேசட்

தொண்ணூற்றைந்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் சித்திரை வெயிலிலும் கட்டம் போட்ட கம்பளித்துணிச் சட்டை போட்டுத் திரிந்த ஒரே ஆள் கிருபாசங்கர்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ராக் பாடகர்கள் அப்படித்தான் போடுகிறார்களாம். அங்கே குளிர் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்த அவனுக்கு உயிர், ‘டல் ஹேமர்’ என்ற அமெரிக்க ராக் குழு. அதன் கிட்டார் இரைச்சல் கேட்டால், லேத் பட்டறை வைத்திருந்த அவன் அப்பா அப்புசாமி, “பட்டறைல நாள் முச்சூடும் கேக்கறதையே ஊட்லயும் போடறயே கண்ணு?” என்பார்.

அந்தக் குழுவின் புதுக் கேசட்டை அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்தான். கிருபா கல்லூரி நண்பர்களை வீட்டுக்கு அழைத்தான். சவுண்டை முழுதும் திருகி வைத்துவிட்டு, வீடு அதிரப்போகிறது என்று எச்சரிக்கையும் செய்தான்.

வீடு அதிரவில்லை. ஒரே ஒரு மரக் கிட்டார். அதோடு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். டிரம்ஸே கிடையாது.

“ஏண்டா, பக்கத்து ஊட்ல கொழந்த தூங்குதாட்ட இருக்குது” என்றான் கோட்டைமேட்டு ரைஹான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கிளம்பியும் விட்டார்கள்.

அவமானம் தாங்காமல் கிருபா அந்தக் கேசட்டைத் தங்கை லோகப்பிரியாவிடம் தூக்கிப் போட்டான். “உனக்கு வேணுங்கற பாட்ட இது மேல பதிஞ்சுக்க அம்மணி.”

அவள் பதியவில்லை. அடுத்த வாரம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார்.

“இவனாச்சும் மனுசனுக்குக் காது இருக்குதுன்னு தெரிஞ்சு பாடறானப்பா” என்றார்.

கிருபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குப் பிடித்தது நல்ல இசையாக இருக்கவே முடியாது என்பது அவன் கொள்கை.

“முழுசாக் கேட்டீங்களாங்ணா?” என்றாள் லோகப்பிரியா. “ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டக் கேளுங்க. அந்தாளு அழுகறதில்லீங்ணா. அழாம இருக்கறக்குப் படாத பாடு படறாரு.”

“உனக்கென்ன தெரியும்?” என்று அவளை அடக்கிவிட்டு, அவள் அந்தப்பக்கம் போனதும் வாக்மேனோடு மொட்டைமாடிக்கு ஏறினான்.

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. கம்பி மேல் விரல் வழுக்கும் ஓசை, நாற்காலியின் கிரீச், அடுத்த வரிக்கு முன் பாடகன் இழுக்கும் மூச்சு. கடைசிப் பாட்டு அவனுக்குப் பழக்கமானதுதான். போன கேசட்டில் கிட்டார் இரைச்சலோடு வந்த அதே பாட்டு. ஒரு வருடமாகக் குளியலறையில் முஷ்டியை உயர்த்திக் கத்தியிருக்கிறான், கோபப் பாட்டு என்று. இப்போதுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. வீட்டைவிட்டுப் போன அண்ணனை, ஒருதரமாவது போன் பண்ணு என்று தம்பி கெஞ்சுகிறான்.

கிருபாவுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே அதை ரைஹானுக்குப் போட்டுக் காட்டக் கோட்டைமேட்டுக்கு பஸ் ஏறினான். கதவைத் திறந்தவள் ரைஹானின் தங்கை ஹிபா. உள்ளே அதே மரக் கிட்டார் ஒலித்துக்கொண்டிருந்தது!

“எந்நேரமும் இதேதாங்ணா” என்றாள் அவள். “நீங்க ஊட்ல இல்லாதப்ப வந்து உங்க தங்கச்சிகிட்ட வாங்கிக் காப்பி எடுத்துட்டு, திருப்பிக் குடுத்துட்டான்.”

ரைஹான் எழுந்து அவசரமாக டேப்பை அணைத்தான். “சும்மா... டேப் ரெக்கார்டர் சரியா ஓடுதான்னு பாத்தேன்.”

“பாத்தது போதும். அந்தக் கடைசிப் பாட்டு என்னன்னு தெரியுமாடா?”

“தெரியும்” என்றான் ரைஹான். டேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னான். “சார்ஜா போன எங்க அண்ணன் இந்தப் பெருநாளுக்குக்கூடப் போன் பண்ணலடா.”

ரைஹானுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே கிருபாவுக்கு அதுவரை தெரியாது. இரண்டு வருடப் பழக்கத்தில் தான் ஒருநாளும் கேட்கவில்லையே என்று உறைத்தது. பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பை மறுபடி ஓடவிட்டான்.

ஹிபாவும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். “இன்னுங் கொஞ்சம் சத்தமா வெய்யுங்ணா” என்றாள்.