அமெரிக்கப் பானை

வெளியிலிருந்து கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டபோது சவரியம்மாளுக்கு அன்று மனம் இலேசாக இருந்தது. உள்ளே கட்டிலில் அவள் கணவன் ஜெயராஜ் படுத்திருந்தான். துறைமுகக் கிடங்கில் மூட்டைகள் சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து அவனால் கால்களை அசைக்க முடியாது. சில மாதங்களாகச் சோறும் இறங்கவில்லை. தட்டைப் பார்ப்பான், பிறகு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வான்.

போன வாரம்தான் அவனாக ஒன்று கேட்டான். அவன் அப்பா வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கிறிஸ்துமஸ் முடிந்து மிஞ்சிய மாட்டிறைச்சி ரோஸ்ட்டை இலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாராம்.

"கத்தியே வேணாம் சவரி. கரண்டி பட்டாலே பிரிஞ்சிடும். அது இருந்தா சாப்பிடலாம்."

அதற்காகத்தான் அந்தப் பானையைப் பரணிலிருந்து இறக்கினாள். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஊர் திரும்பியபோது அவர் மனைவி கொடுத்துவிட்டுப் போன மின்சாரப் பானை. காலையில் கறியைப் போட்டு மூடினால் மாலைவரை தானாகவே மெல்ல வேகும், நடுவில் மூடியைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். அப்துல் ஹமீதின் கறிக்கடையில் தொடைக்கறியை ஒரே துண்டாக வாங்கி, உப்பும் மிளகும் தடவி, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கின் மேல் வைத்தாள். தட்டையான இரண்டு கம்பிகள் கொண்ட அதன் பிளக் சுவரில் நுழையவில்லை. அதற்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு அடாப்டர் வாங்கியிருந்தாள். சுவிட்சைத் தட்டி, பானையின் மேல் கை வைத்து, வெதுவெதுப்பு ஏறுவதை உணர்ந்த பிறகுதான் கிளம்பினாள்.

ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை. சாப்பாட்டு வேளையில் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு நம்ம வீட்ல சமையல்காரி வெச்சிருக்கேன் தெரியுமா?"

"சவரிக்கா தவுக்கே, பெரிய மொதலாளி ஆயிட்டாங்க லா!" என்றாள் பக்கத்தில் இருந்த குணவதி. "எங்களுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க."

பானையைப் பற்றிச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி நிமிர்ந்தான். இயந்திரங்களின் மின்பழுது பார்ப்பவன்.

"அமெரிக்கா சாமானா? டிரான்ஸ்பார்மர் போட்டீங்களாக்கா?"

"அது என்னா? அடாப்டர் போட்டிருக்கேன்."

"அடாப்டர் ஓட்டையத்தான் மாத்தும், கரண்ட மாத்தாது. அவங்க கரண்டு நம்மளுதுல பாதிகூட இல்ல. அதை இங்க நேரா மாட்டுனா ரோஸ்ட்டு ஆவுறது கறி இல்ல, வீடுதான்." சிரித்துக்கொண்டே சொன்னவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "வீட்ல யாரும் இருக்காங்களா?"

அவள் எழுந்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

பேருந்து எங்கெங்கோ நின்று நின்று போனது. ஃபெர்ரி கிளம்பியபோது அவள் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வீடு பழைய கடைவீடு. பலகைச் சுவர், பலகை மேல்தளம். பூட்டிய கதவு, சாவி அவள் கையில். உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதியும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

பாதிக் கடலில் அதைப் பார்த்தாள். நகரத்துக் கூரைகளுக்குப் பின்னால் கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. எந்தத் தெரு என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் கப்பலின் அடியில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. அப்போது அவளுக்குள் யாரோ பேசுவதுபோல மிக அமைதியாக ஒரு எண்ணம் வந்தது: எரிந்திருந்தால், அவனுக்கு இனிக் கஷ்டமில்லை. எனக்கும்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். புகையைவிட அந்த எண்ணம் அவளை நடுங்க வைத்தது. கரை வரும்வரை மறுபடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தெருமுனையில் திரும்பியபோது வீடு நின்றுகொண்டிருந்தது. புகை வேறெங்கோ. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் அடுத்த வீட்டு நூர்ஜான் நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா பாதி நாள்ல வந்துட்டீங்க? பேக்டரிய இழுத்து மூடிட்டாங்களா?"

"உள்ள ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"அண்ணன் என்னிக்குச் சத்தம் போட்டாரு? பலகைக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கான்னே தெரியாது."

பூட்டு திறக்க நேரம் பிடித்தது. உள்ளே ரப்பர் எரிந்த நாற்றம். மின்விசிறி நின்றிருந்தது. ஜெயராஜ் வியர்வையில் நனைந்து, கண்களைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். பானை வெடித்து இரண்டாகப் பிளந்திருந்தது. இறைச்சியின் அடி கரியாகிக் கிடந்தது. மேலே பிட்டுப் பார்த்தால் உள்ளே இன்னும் பச்சை. பானைக்குப் பின்னால் பலகைச் சுவரில் கறுப்பு ஒரு முழ உயரம் ஏறி, அங்கே நின்றிருந்தது. ஃபியூஸ் போனதால் நின்றிருந்தது.

திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு டிரைஷா வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"எப்ப ஆச்சு?"

"நீ போயி கொஞ்ச நேரத்துல. மொதல்ல நாத்தம். அப்புறம் புகை இங்கவரைக்கும் வந்துச்சு. அப்புறம் காத்தாடி நின்னுச்சு."

"நூர்ஜான் பக்கத்துலதான இருந்துச்சு. கூப்பிடலியா?"

அவன் கூரையையே பார்த்தான்.

"கூப்பிட்டா பூட்ட ஒடச்சிருக்கும். ஓடி வந்திருக்கும்."

"வரும்னு தெரியும்," என்றான் ஜெயராஜ்.

அவள் அவனையே பார்த்தாள். புகை வரும்போது இந்த மனிதன் இப்படியே, இதே கண்களோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். கடலின் நடுவில் அவளுக்கு வந்தது இவனுக்கும் வந்திருக்கிறது. அவளுக்கு வந்து போய்விட்டது. இவனிடம் அது போகவில்லை. அறைக்குள்ளேயே, இருவருக்கும் நடுவில், இன்னும் இருந்தது. நாளைக் காலையில் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

"இப்ப கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"கூப்பிடுங்க. நான் கேக்கணும்."

"பைத்தியமா ஒனக்கு? அதான் ஒண்ணும் ஆகலியே."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியாம நான் எப்படி இந்தப் படியத் தாண்டிப் போவேன்?" அவள் குரல் உடைந்தது. "சொல்லுங்க. எப்படிப் போவேன்?"

அவள் எழவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, வியர்வையைத் துடைத்துவிடவில்லை. காத்திருந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். இதோடு முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"நூர்ஜான்," என்றான். அது உதட்டைக்கூடத் தாண்டவில்லை.

மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை தொண்டை கிழிந்து வெளியே வந்தது. அவளே அறியாத ஒரு குரல்.

வெளியே ஏதோ தட்டு கவிழும் ஓசை. செருப்புகள் ஓடி வந்தன. கதவு சுவரில் மோதித் திறந்தது. மீன் வாசத்தோடு நூர்ஜான் மூச்சிரைக்க நின்றாள்.

"அண்ணே, கூப்பிட்டீங்களா?"

சவரியம்மாள் அவனுக்காகப் பதில் சொல்லவில்லை.

"ஆமா," என்றான் ஜெயராஜ். "கூப்பிட்டேன்."