பெருசு என்றொரு கிளை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் மூன்றே பேர். ஸ்டோர்ஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்த வீரராகவன் ஒருவர். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்த எத்திராஜும் பத்மாவும் மற்ற இருவர். அவர்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூற்றேழில், புரோகிராம்களில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்றைப் புதிதாக நிறுவினார்கள். மூலத்தைத் தொடாமல் தனியே மாற்றிப் பார்க்க அதில் கிளை பிரித்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளிலேயே கிளைப் பெயர்கள் தாறுமாறாகிவிட்டன. சின்ன எழுத்தில் ஒரு 'டெஸ்ட்', பெரிய எழுத்தில் ஒரு 'டெஸ்ட்', 'புதுசு', அப்புறம் 'ரொம்பப் புதுசு'. எதில் எந்த வேலை நடக்கிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை. செய்கிற வேலைதான் பெயராக இருக்கவேண்டும் என்று சொல்லி, திருத்தும் பொறுப்பை வீரராகவனிடம் விட்டார் மேனேஜர்.

ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தவர், 'பெருசு' என்ற கிளையில் நின்றார். ஏதோ பெரிய மாற்றம்போலும் என்று நினைத்தார். உள்ளே இருந்தவை அத்தனையும் அவர் எழுதிய சரக்கிருப்புப் புரோகிராம்கள். அவர் விட்ட தப்புகளை வரிவரியாகத் திருத்தியிருந்தார்கள். பெயர் யாரைக் குறிக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

எழுந்து போய் எத்திராஜிடம் கேட்டார். "'பெருசு'ங்கிற கிளையில என்ன வேலைப்பா நடக்குது? அதுக்கு ஏத்த பேரா வைக்கணும்."

எத்திராஜ் பத்மாவைப் பார்த்தான். பத்மா குனிந்துகொண்டாள்.

"தமாஷுக்கு வச்சது சார். சொன்னா சங்கடப்படுவீங்கோன்னுதான் நாங்களே சரி பண்ணிக்கினு இருந்தோம்."

"சொல்லியிருந்தா நானே திருத்தியிருப்பேனே," என்றார் வீரராகவன். குரல் உயரவில்லை.

இடத்துக்குத் திரும்பி, 'சரக்கிருப்புப் பிழைத்திருத்தம்' என்று புதுப் பெயர் கொடுத்து, பழையதை நீக்கினார். மற்ற இருவரையும் அவரவர் கணினியில் புதுப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவருடைய புரோகிராமில் தப்பு தெரிந்தால் எத்திராஜ் நேரே வந்து, நின்றபடியே மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். கிளைப் பெயர்களிலும் ஒரு குறை காணமுடியாது. ஆனால் அவர் உள்ளே வந்தாலே இருவர் பேச்சும் நின்றுவிடும். மத்தியானம் டீ குடிக்க அவர்கள் கிளம்பும்போது வீரராகவன் திரையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. கதவு சாத்திய பிறகு, வராந்தாவில் அவர்கள் சிரிப்பது மட்டும் கேட்கும்.