எதிரில் இல்லாதவர்களிடம் பேசுவது

வாயாடி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், அவளுடைய அம்மா டுடோரியல் வகுப்பில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருட வேலை. மேற்பார்வையாளர் ஆவதற்குப் பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தனித்தேர்வுக்கான படிவத்தை மகள்தான் பூர்த்தி செய்தாள். "இங்கிலீஷை எங்கிட்ட விட்டுடும்மா, நாலே மாசத்துல கரைச்சுக் குடிக்க வெச்சுடறேன்" என்றாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். பதினேழு வயதுப் பெண் மூன்றே நாளில் இல்லாமல் போனாள்.

அன்றைய பாடம் கவிதையில் வரும் அணிகள். உவமையான சிமிலியும் உருவகமான மெட்டஃபரும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டன. பக்கத்து பெஞ்சு வாட்ச்மேன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மிகைப்படுத்திச் சொல்வதற்கு ஹைப்பர்போலி என்று பேர் என்றதும், "எங்க வீட்டுக்காரி வாயத் தொறந்தாலே அதான் டீச்சர்" என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் டீச்சர் பலகையில் அபாஸ்ட்ரஃபி என்று எழுதினாள்.

"அது இங்கிலீஷ் எழுத்துக்கு மேல போடற கொம்பு இல்லையா?" என்றார் வாட்ச்மேன்.

"பேரு ஒண்ணுதான் அண்ணே, விஷயம் வேற. எதிர்ல இல்லாதவங்கள, செத்துப் போனவங்கள, இருக்கறதா நெனச்சுக் கூப்பிட்டுப் பேசறது."

அவளுடைய பேனா நின்றது. மகளைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும் அந்த டீச்சருக்கு. அவள் டீச்சரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "பதில் வரலன்னாலும் பேசலாமா டீச்சர்?"

"வராதுன்னு தெரிஞ்சேதான் பேசறாங்க அக்கா."

"எவ்ளோ நாள் வரைக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்ற டீச்சர், "அது புஸ்தகத்துல போடலக்கா" என்றாள் மெதுவாக.

எட்டு மாதமாக அவள் செய்துகொண்டிருப்பது அதுதான். அடுப்பைப் பற்றவைக்கும்போது, துணி மடிக்கும்போது, "ஏ வாயாடி, மழை வர மாதிரி இருக்கு, கொடியப் பாரு" என்பாள். சலவைக்கூடத்தில் நடந்தது அத்தனையும் ஒப்பிப்பாள். அது பாட்டுக்கு வரும். வந்து முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. வாய் ஓயாத மகளுக்கு அந்தப் பேரை வைத்தவரே அவர்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்தப் பேர் அவர் வாயில் வரவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நாலு நாள் முன்பு திடீரென்று, "டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், திங்கக்கிழமை போலாம்" என்றார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தாள். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார். நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"படிச்சுப் பாருங்க. நான் செய்யறதுக்குப் பேரு இருக்கு. பரீட்சையில கேக்கறாங்க. மார்க்கு குடுக்கறாங்க. பைத்தியக்காரத்தனமா இருந்தா புஸ்தகத்துல போடுவாங்களா?"

கையில் இருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்துவிட்டு அவர் படித்தார். இரண்டே வரிதான். ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

"உன்ன நான் பைத்தியம்னு நெனைக்கல" என்றார் கடைசியில்.

"அப்புறம் எதுக்கு டாக்டரு?"

அவர் ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, பார்த்து, கீழே வைத்தார். "நீ கூப்பிட்டுட்டு, உன் பாட்டுக்கு வேலையப் பாக்கற. நான் வெளிய வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். 'என்னம்மா'ன்னு இப்ப சொல்லிடுவா, இப்ப சொல்லிடுவான்னு. வரல. ஒவ்வொரு தடவையும் வரல. ஒரு நாளைக்கு எத்தன தடவ என்னால..."

குனிந்து, விசிறியின் இறக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசினால் தனக்கு லேசாகிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் பாரம் பத்தடி தள்ளி நின்றவர் தலையில் இறங்கியிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எட்டு மாதம்! நோட்டை எடுத்து மூடினாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. வீடு அடைத்துப்போட்ட மாதிரி இருந்தது. சாப்பிடும்போது அவர் இரண்டு தடவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

மறுநாள் காலை கொல்லைப்புறக் குழாயில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பாலை அடுப்பில் வைத்தாள். ஜன்னல் கட்டையில் குருவி ஒன்று வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. "ஏ..." என்று அவளையும் மீறி வந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினாள். கேட்கவில்லை. திறந்த கதவு வழியே அவர் தெரிந்தார். மூடிய குழாயின் மேல் கை அப்படியே இருக்க, முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் பக்கம் திரும்பாமல், அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பது போல நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.