துணி கட்டிய கன்றுகள்

போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், சூர்யகலா தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சின்னச்சாமியின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி அவர். ஆடிக்காற்றுக்கு முன்பெல்லாம் வந்த பெண்கள் அத்தனை பேரையும் ஜீப்புக்குள் புளிமூட்டையாக அடைத்துக்கொண்டு போவார். இப்போது அவர் விரல் நீட்டினால்தான் ஏறலாம். அந்தக் காற்று தோட்டத்து மேட்டுக்காட்டின் பெரிய மரங்களைச் சாய்த்து, அடியில் இருந்த ஏலத்தை நசுக்கிவிட்டது. ஏலம் இல்லாத காட்டில் பாதிப் பேருக்குச் சோலி இல்லை. சூர்யகலாவுக்கு முழங்கால் வலி வேறு; ஒரு மாதமாக விரல் அவளைத் தாண்டித் தாண்டிப் போனது. அவள் வீட்டு உலை கொதிப்பதும் கொதிக்காததும் அந்த விரலில்தான் இருந்தது.

அன்றைக்கு அது அவள் பக்கம் நீண்டது. "ஏறுத்தா. மேட்டுக்காட்டுல விழுந்த கெளையெல்லாம் ஒதுக்கணும்."

மேட்டுக்காட்டுக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் களையெடுத்த காடு அது. நடுப்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும். இப்போது தலைக்குமேல் வானம் திறந்து கிடந்தது. நாலு பேர் கைகோத்தாலும் பிடிபடாத வெடிப்பலா மரம் வேரோடு பெயர்ந்து சரிவில் நீட்டிப் படுத்திருந்தது. வேர்க்கட்டு மட்டுமே ஓட்டுவீட்டு உயரம். அந்த மரத்தின் இலைகளை அவள் தரையில் உதிர்ந்து கிடக்கத்தான் பார்த்திருக்கிறாள். இன்று உச்சிக்கொம்பையே கையால் தொட்டாள். வாடிச் சுருண்ட இலையின் அடிப்பக்கம் இன்னும் செம்பாக மின்னியது. "ஆத்தாடி" என்றாள்.

"என்னடி, சாமி கும்புடுறியா? கெளையை இழு" என்றாள் ஜக்கம்மாள். களை வரிசையில் எப்போதும் இவளுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

இழுக்க இழுக்க அடியில் மரக்கன்றுகள் தெரிந்தன. கிளை விழுந்த இடத்தில் இருந்தவையெல்லாம் கூழாகியிருந்தன. திறந்த வெயிலில் அகப்பட்டவை பாதி கருகிப்போயிருந்தன. விழுந்த அடிமரத்தின் ஓரமாக, அதன் நிழல் விழுகிற இடத்தில்தான் ஒரு கூட்டமே நின்றது. வருசக்கணக்கில் சாண் உயரத்துக்கு மேல் போகாதவை, அரிவாளுக்குத் தப்பியவை. அவற்றின் உச்சியில் இப்போது இளஞ்சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தது. ஒரு கன்றின் வேர் மரத்துக்கு அடியில் மாட்டி, தண்டு தரையோடு படிந்து கிடந்தது. செத்தது என்று ஒதுக்கப்போன சூர்யகலா கையை இழுத்துக்கொண்டாள். படுத்த தண்டின் நடுவிலிருந்து விரல் நீளத்தில் ஒரு முளை, நேரே வானத்தைப் பார்த்து நின்றது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இம்புட்டுப் பெரிய மரம் மேல விழுந்திருக்கு ஜக்கம்மா. இது எந்திரிச்சு நிக்குது பாரு!"

"நம்மளுந்தான் எந்திரிக்கிறோம். எவன் பாக்குறான்?"

சின்னச்சாமியும் வந்து பார்த்தார். "நல்லதாப் போச்சு. கன்னு வளந்தா நெழலு. நெழலு வந்தா மொதலாளி திரும்ப ஏலம் வைப்பாரு. அப்புறம் பழையபடி எல்லாரும் ஏறலாம். கன்னுல கைபடாம களையெடுங்க."

அதுதான் கஷ்டம். களையெடுக்கிற கை கண்ணைக் கேட்காது. இடது கை பிடிக்க, வலது கை அரிய, ஏலச்செடி தவிர மற்றதெல்லாம் களை என்று பழகிய கை. அன்று மாலைக்குள் ஜக்கம்மாளே ஒரு கன்றை அரிந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்தமுறை விரல் நீண்ட நாளில் சூர்யகலா பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். கன்றுக்கு ஒரு துண்டாகக் கட்டினாள். சிவப்பைக் கண்டால் கை நிற்கும்.

அதன் பிறகு மலையேறிய நாளெல்லாம் முதலில் கன்றுகளைத்தான் போய்ப் பார்த்தாள். கொடி சுற்றினால் அறுத்துவிட்டாள். தண்டு பருக்கப் பருக்கத் துணியை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். மழை முடிந்து, பனி முடிந்து, மறு ஆடிக்குள் அவை முழங்கால், இடுப்பு என்று ஏறி, ஒன்றிரண்டு அவள் தோளையே தொட்டுவிட்டன. பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி இருட்டியபின் வீடு திரும்புகிறவள் அவள். பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததைக்கூட இப்படி நின்று பார்த்ததில்லை. படுத்த கன்றின் முளையும் வளைந்து நெளிந்து, கடைசியில் நிமிர்ந்துவிட்டது. வெளிச்சத்தை இது எங்கே கற்றுக்கொண்டது என்று அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

ஆடி பிறந்ததும் முதலாளி வந்தார். சரிவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சின்னச்சாமியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். சின்னச்சாமி பெண்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கன்னையெல்லாம் புடுங்கணும்."

"என்னண்ணே சொல்றீக?" என்றாள் சூர்யகலா. "அப்ப நெழலு?"

"பச்சை வலை கட்டப்போறாரு. மரம்னா அடுத்த காத்துக்கு மறுபடி விழுகும்ங்கிறாரு. அதும்போக, இன்னைக்குப் புடுங்கினா இது களை. பெருசாயிட்டா காட்டுச் சட்டப்படி சர்க்கார் மரம். மொதலாளியே தொட முடியாது. அதான் வெரசா முடிக்கச் சொல்றாரு."

"வலைக்கு அடியில களையெடுக்க நாங்கதான வரணும்?"

"அதுக்கு மிசினு வாங்குறாராம்."

"நான் புடுங்க மாட்டேண்ணே."

"நீ புடுங்கலேன்னா வேற ஆளு புடுங்கும்த்தா. நாளைக்கு ஜீப்புல அந்த ஆளுதான் ஏறும்." கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார்.

சூர்யகலா அரிவாளை இடுப்பில் செருகினாள். பிறகு குனிந்தாள்.

"காடு பூராவும் தேடித் தேடிப் புடுங்கணும்" என்று ஜக்கம்மாள் அவள் காதில் சொன்னாள். "ஒரு வாரத்துக்குச் சோலியை ஓட்டிரலாம்டி."

தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே நின்று பார்த்தாலும் சிவப்பு தெரிந்தது. பெண்கள் துணியைப் பார்த்துப் போய்ப் பிடுங்கினார்கள். வேரோடு வந்த மண் இருட்டாக, ஈரமாக இருந்தது. சூர்யகலா ஒவ்வொரு துணியையும் அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மத்தியானச் சோற்றுக்குள் சரிவு வெறிச்சோடிவிட்டது.

படுத்த கன்று மட்டும் வரவில்லை. அவள் இழுத்தாள், ஜக்கம்மாளும் சேர்ந்து இழுத்தாள். அதைச் சாய்த்த மரமே அதன் வேரை இறுக்கிப் பிடித்திருந்தது. "அறுத்து விடுங்க, போதும்" என்றார் சின்னச்சாமி. சூர்யகலா மண்ணை ஒட்டி அறுத்தாள்.

மறுநாள் காலை ஜீப்பு வந்தது. பின்னால், பெண்கள் உட்காருகிற பலகைகளின் மேல், கூரையை முட்டப் பச்சை வலைச் சுருள்கள் அடுக்கியிருந்தன. சின்னச்சாமி டிரைவர் பக்கத்தில் இருந்தார். விரல் யார் பக்கமும் நீளவில்லை. "அண்ணே" என்று ஜக்கம்மாள் கூப்பிட்டாள். அவர் இறங்கி, அவிழ்ந்து தொங்கிய ஒரு சுருளைக் கட்டக் கயிறு தேடினார்.

சூர்யகலாவின் கை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்தது. "இதால கட்டுங்கண்ணே. இல்லேன்னா மேல போறதுக்குள்ள பிரிஞ்சிரும்."

சின்னச்சாமி வாங்கி, வலையை இறுக்கிக் கட்டினார். ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் பக்கம் கிளம்பிப் போனது.