யெசேனியா மைக்கில் சொன்னது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே ஓட்டையாகத்தான். மே பதினேழு காலை, பாலாடைக்கட்டி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு ஊர்வலம் பார்க்க நின்றிருந்தேன். ஒரு சிறுமி மைக் முன்னால் வந்து ஏதோ சொன்னாள். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் தீயணைப்பு வண்டி சங்கு ஊதியது. அவள் சொன்னது காதில் விழவில்லை. அந்த ஓட்டையைச் சுற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: “பசும்புல் மேடுகள் சூழ்ந்த விஸ்கான்சின் சிற்றூர் ஒன்றில், வசந்தம் மெல்ல—”

அடித்துவிட்டேன். இங்கே வசந்தத்துக்கு முன்னால் சாண நாற்றம் வரும்.

2

அன்று நார்வே நாள். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள்தான் இந்த ஊரில் பாதிக்கு மேல். பிள்ளைகள் பூனாட் என்ற நார்வே நாட்டுப்புற உடை உடுத்தி, தலை வாரி, லூத்தரன் தேவாலயப் படியில் வரிசையாக ஏறுவார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும், கொள்ளுத்தாத்தா கப்பலேறுவதற்கு முன் வாழ்ந்த பண்ணையின் பெயரையும் மைக்கில் சொல்ல வேண்டும். கூட்டம் மூன்று முறை ‘ஹுர்ரா’ போடும். (போன வருடம் ஒரு பொடியன் எல்லாவற்றையும் மறந்து அழுதான். அவனுக்கும் மூன்று ஹுர்ரா. ஆகவே ஹுர்ராவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

யெசேனியாவுக்குப் பதினொரு வயது. அவள் அம்மா நோயெமி குவாத்தமாலாக்காரி. என்னோடு ஆலையில் பாலாடைக்கட்டி வெட்டுகிறாள். பால் லாரி ஓட்டும் ஆர்னே மிர்லாண்டை அவள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, மகளுக்கும் அந்தக் குடும்பப் பெயர் வந்தது. படியேறுவது அவளுக்கு இதுதான் முதல் முறை. ஆர்னே லாரியிலேயே ஒத்திகை நடத்தினாராம்.

“சொல்லு பாப்போம்.”

“யெசேனியா மிர்லாண்ட். மிர்லாண்ட் பண்ணை, டெலமார்க், நார்வே.”

“சத்தமா கண்ணு. வயல்ல நிக்கிற மாடு திரும்பிப் பாக்கணும்.”

“மாடு ஹுர்ரா போடுமா, ஆர்னே?”

“இந்த ஊரு ஆளுங்களைவிட நல்லாவே போடும்.”

3

அடுத்தது தேவாலய நிலவறை. பிள்ளைகளை அங்கேதான் வரிசைப்படுத்தினார்கள். நான் அங்கே இல்லை. மகளின் நெஞ்சில் வெள்ளிப் பதக்கம் குத்திக்கொண்டிருந்த நோயெமி பிறகு சொன்னது. கோபத்தில் சொன்னாள். ஆகவே கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

யெசேனியாவுக்குப் பின்னால் நின்றவன் ட்ரிக்வே.

“ஏய், உன் பண்ணை டகோ கடைக்குப் பின்னாடில்ல இருக்கு?”

“டகோ மெக்சிகோக்காரங்களுது. திட்டுறதையாவது ஒழுங்காத் திட்டு.”

“எதுவோ ஒண்ணு. ரத்தமே இல்லாம பேரு மட்டும் எப்படி வரும்?”

விழா நடத்தும் போர்கில்ட் அம்மையார் ஓடிவந்தார். “ட்ரிக்வே, வாயை மூடு. யெசேனியா, உனக்குக் கஷ்டமா இருந்தா உன் பேரை மட்டும் சொல்லிட்டு இறங்கிடும்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பையன் பேச்சைவிட இதுதான் சுட்டது என்றாள் நோயெமி.

4

இப்போது நான் சொல்லக் கூடாத ஒன்று. (நோயெமி என்னிடம் ரகசியமாகச் சொன்னது. சொல்லாவிட்டால் கதை இல்லை.)

போன கோடையில் நார்வேயிலிருந்து மிர்லாண்ட் குடும்பத்தார் ஒருவர் விருந்துக்கு வந்தார். ஆர்னே பண்ணையின் வரைபடத்தை மேசையில் விரித்து, “நாம எத்தனாவது வழி பங்காளி?” என்று கேட்டார்.

விருந்தாளி சிரித்துவிட்டார். “பங்காளியா? ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லப்பா. உங்க கொள்ளுத்தாத்தா எங்க பண்ணையில கூலியாளு. அப்பல்லாம் எந்தப் பண்ணையில குடியிருக்கோமோ அதுதான் பேரு. இடம் மாறினா பேரும் மாறும். உங்க ஊர்ல பாதிப் பேரு கதை இதுவாத்தான் இருக்கும்.”

ஆர்னேயும் சிரித்தார். உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்தினார். வரைபடத்தைச் சுருட்டினார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மேசையின் மறுமுனையில் யெசேனியா இருந்தாள்.

ஆக, அவள் படியேறும்போது கையில் ஆயுதம் இருந்தது. ஒரே வாக்கியத்தில் ட்ரிக்வேயை வாயடைக்கலாம். ஆனால் அதே வாக்கியம் ஊர் முன்னால் ஆர்னேயைத் தலைகுனிய வைக்கும்.

5

முடிவு அ: ஒத்திகையில் சொன்னதையே சொன்னாள். (நல்ல பிள்ளை. எனக்கு நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: “மிர்லாண்ட் பண்ணையில எங்க ஆளு கூலி வேலை பாத்தாரு. இங்க பேரு சொன்ன எல்லாரும் வீட்டுக்குப் போய் விசாரிங்க.” (இதை எழுதியபோது எனக்கு இனித்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இ: “நான் குடியிருக்கிறது ஆர்னே மிர்லாண்ட் வீடு. அதனால என் பேரு மிர்லாண்ட்.” யாருக்கும் காயமில்லை, எல்லாம் பொருந்துகிறது. பதினொரு வயதுக் குழந்தை இப்படிப் பேசாது. இது என் மூளை. அடித்தேன். மறுபடி எழுதினேன். இப்போது அடித்ததா எழுதியதா என்று எனக்கே—

6

கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். அவள் உதடுகள் அசைந்தன. மற்றப் பிள்ளைகளுக்கு ஆனதைவிட அதிக நேரம் அசைந்தனவா? ஆம் என்றுதான் நினைக்கிறேன், தூங்காத கண். ஆர்னே தொப்பியைக் கழற்றினார். பெருமையிலும் கழற்றுவார்கள், அவமானத்திலும் கழற்றுவார்கள். வெயில் வேறு. பக்கத்தில் நின்ற நோயெமி என் கையைப் பிடித்து உலுக்கினாள். “என்ன சொன்னா? டேய், என்ன சொன்னா?”

பிறகு விசாரித்தேன். போர்கில்ட் அம்மையார்: “ரொம்ப அழகாச் சொன்னா.” (எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்.) ஆர்னே: “சொன்னா. அவ்வளவுதான்.” யெசேனியா: “நீங்க அங்கதானே நின்னீங்க?”

ஆகவே அந்த ஓட்டையை உங்களிடம் தருகிறேன். என்னால் அடைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துத் தருகிறேன், இது சங்கு நின்ற பிறகு நடந்தது. அவளுக்கு அடுத்து ட்ரிக்வே ஏறினான். தன் பெயரைக் கணீரென்று சொன்னான். பண்ணையின் பெயருக்கு வாயைத் திறந்தான். கூட்டத்தில் தன் அப்பா எங்கே என்று தேடினான், கண்டான், வாயை மூடிக்கொண்டு இறங்கினான்.

அவனுக்கும் மூன்று ஹுர்ரா.