வெயிலில் வைத்த தூம்பா

தூம்பாவை வெளியே எடுத்தது நான்தான். கோயில் பேரவை கூடித் தீர்மானம் போட்டதாக நோட்டில் எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். நான் பேசினேன், மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அதற்குப் பேர்தான் தீர்மானம்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள், நாற்பத்திரண்டு. சாமியார் ஏழு மைல் தள்ளிப் பங்குக் கோயிலில் இருப்பார். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் ஜீப்பில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, வாசகம் வாசிப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் நாங்களேதான். எழுபத்தெட்டாம் வருசம் சாமியார் எங்களுக்கென்று ஒரு பேரவை அமைத்தார். "இனிமே கோயில் உங்க பொறுப்பு. நான் வந்துபோற ஆளு" என்றார். என்னைத் தலைவராகப் போட்டார்கள். என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. மதிப்பு என்று அப்போது நினைத்தேன். என் வாய்க்குப் பயந்துதான் என்று மிக்கேலம்மாள் சொன்னாள். அவள் என் மனைவி. அவள் ஒருத்திதான் என்னிடம் இப்படிப் பேசுவாள்.

எனக்கு மதுரையில் மில் வேலை, பிட்டர். இரும்பு தேய்ந்தால் மாற்று, மரம் உளுத்தால் மாற்று என்று இருபது வருசம் பழகிய கை. தலைவரானதும் கோயிலில் எதைப் பார்த்தாலும் கை அரித்தது. மணிக்கயிற்றை மாற்றினேன். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியின் ஆட்டத்தை நிறுத்தினேன். அடுத்துக் கண்ணில் பட்டது தூம்பா.

தூம்பா என்றால் ஊருக்குப் பொதுவான சவப்பெட்டி. பிணத்தை அதில் வைத்து நாலு பேர் கல்லறைவரை சுமப்பார்கள். பிணத்தை மட்டும் குழியில் இறக்கிவிட்டு, தூம்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். யாரும் செத்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். "தூம்பாவச் சும்மா வெளிய எடுக்கக் கூடாது. எடுத்தா வெறுமனே உள்ள போகாது" என்பது ஊர்ப் பேச்சு. அதனால் பழுது பார்ப்பது கூட சாவுக்கும் அடக்கத்துக்கும் இடையில்தான், அவசரத்தில், சணல் கயிற்றைக் கட்டி. மார்கழியில் ஒரு கிழவியைத் தூக்கிப் போனபோது அடிப்பலகை விட்டுப்போய் அவள் கால் வெளியே தொங்கியது. முன்னால் தோள் கொடுத்தவன் நான். அந்தக் கால் என் முதுகில் இடித்துக்கொண்டே கல்லறைவரை வந்தது. இனி ஒருவருக்கும் அந்தக் கேவலம் வரக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது தப்பில்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதித் திருநாளுக்கு முந்திய ஞாயிறு பேரவையில் பேச்சை எடுத்தேன். கோயில்பிள்ளை இன்னாசியண்ணன், மணி அடிப்பதும் மெழுகுதிரி ஏற்றுவதும் அவர்தான், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு துக்கம் வரட்டும் தலைவரே. அப்பப் பாத்துக்கலாம்."

"யாரு சாகணும்னு காத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க?"

மரியாயின் சேனை ஜெபக்குழுத் தலைவி வியாகுலம் முக்காட்டை இழுத்துவிட்டாள். "வெறுமனே உள்ள போகாதுன்னு சொல்லுவாக அண்ணே" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பேசும் பேச்சா இது என்று கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம். "தவக்காலம் நாப்பது நாளும் தூம்பா வெளியதான் இருக்கும். ஈஸ்டர் அன்னிக்கு வெறுமனேதான் உள்ள போகும். அம்புட்டுப் பேரும் பாருங்க" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும்.

கோயிலின் தென்புறம், இரண்டு பெஞ்சின் மேல் தூக்கி வைத்தோம். அடிப்பலகைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் என் இழைப்புளி இருந்தது. மிக்கேலம்மாள் வாசலில் நின்று மறித்தாள்.

"அத வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

"பலகைதானடி இது."

"பலகைதான். இம்புட்டு நாளா அதுல யாரு படுத்தாகன்னு எனக்குத் தெரியுமில்ல."

கொல்லையில் வைத்து ஆணிகளைப் பிடுங்கினேன். எல்லாம் துருவேறி, விரல் நீளத்துக்கு இருந்தன. ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சேர்ந்தது. தெறித்துப் போனவற்றைத் தேடவில்லை. பழைய ஆணியை யார் தேடுவார்கள்?

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. புதுப் பலகை, புதுக் கைப்பிடி, கறுப்புப் பெயிண்ட், நடுவில் வெள்ளைச் சிலுவை. பங்குனி வெயிலில் பெயிண்ட் வாடை கோயிலுக்குள்ளேயே வந்தது. பெண்கள் தென்புற வாசலை விட்டுவிட்டு வடபுறமாகச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. காலையும் மாலையும் ஆட்கள் தூரத்தில் நின்று அது இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்புறம் ஊர் மெல்ல அமைதியானது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நூறு பேர் இருந்தார்கள், ஒருவர் இருமவில்லை. தவக்காலத்தில் இருமல் இல்லாத கோயிலை நான் பார்த்ததே கிடையாது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். வியாகுலத்தின் புருசன் சூசை, ராத்திரியெல்லாம் இருமி ஊரை எழுப்புகிற ஆள், முழங்காலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். இன்னாசியண்ணன் பீடத்துப் படிகளில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "கால் வீங்கியிருக்காண்ணே?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன் தலைவரே" என்று சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் நல்லாத்தான் இருந்தார்கள். யாரைக் கேட்டாலும் அதே பதில். கேட்ட வேகத்தில் கதவைச் சாத்தினார்கள்.

தலைவரின் வேலைகளில் முக்கியமானது நோயாளிகள் பட்டியல். முதல் வெள்ளிக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் படுத்திருப்பவர்களின் பேரை எழுத வேண்டும். சாமியார் பூசை முடிந்ததும் அந்த வீடுகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுபோவார். ஆள் மோசமாக இருந்தால் தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விடுவார். பட்டியலில் பேர் இருந்தால் ஜீப் வாசலுக்கு வரும். ஏழு எட்டுப் பேராவது எப்போதும் இருப்பார்கள்.

ஏப்ரல் மாதப் பட்டியலுக்காக மூன்று சாயங்காலம் நடந்தேன். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரு பேர் கிடைக்கவில்லை. கடைசி வீடு என் வீடு. மிக்கேலம்மாள் அடுப்படியில் காலை மடக்கிப் புடவைக்குள் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தாங்கித் தாங்கி நடந்தாள். கேட்டதற்கு வேலி முள் என்றாள். கொடிக்காலில் வேலை செய்கிறவளுக்கு முள் குத்தாதா? அன்றைக்குக் கஞ்சியை அவள் தொடவில்லை.

"ஏன் குடிக்கல?"

"பல்லு வலி. நாளைக்கு ஒருசந்தி விரதம் வேற."

"நம்ம வீட்டுலயும் நோயாளி இல்லைன்னு எழுதிக்கிறவா?" என்று சிரித்தேன்.

அவள் காலை இன்னும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள். "எழுதிக்கங்க" என்றாள்.

தாளில் தேதியைப் போட்டு, கீழே 'ஒருவருமில்லை' என்று எழுதினேன். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

மறுநாள் காலையில் உடுப்பறையில் தாளைச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ஒருத்தர்கூடவா? சூசைக்கு நெஞ்சுச் சளி இருந்துச்சே?"

"ஊரே சுகமாயிருக்கு சாமி. தூம்பாவ எடுத்தா சாவு வரும்னாங்க. நோயே போயிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். "அத ஏன் இன்னும் வெளிய வச்சிருக்க சந்தியாகு?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நன்மை கொடுக்கும்போது சாமியாருக்குப் பக்கத்தில் தட்டுப் பிடிப்பது நான். அப்பம் தவறி விழாமல் இருக்க ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் அந்தத் தட்டைப் பிடிக்க வேண்டும். ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் கிராதியில் முழங்காலிட்டார்கள். ஐந்தாவதாக மிக்கேலம்மாள் இருந்தாள். தட்டை அவள் தாடைக்குக் கீழே கொண்டுபோனேன்.

"கிறிஸ்துவின் சரீரம்" என்றார் சாமியார்.

அவள் ஆமென் சொல்லவில்லை. கண்களை மூடி முகத்தை நிமிர்த்தினாள். உதடுகள் பிரிந்தன. பற்கள் பிரியவில்லை. சாமியார் இன்னொரு தரம் சொன்னார். அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன. தாடை ஆடியது, தட்டில் இடித்து ஓசை வந்தது. முகம் சிரிப்பதுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. கோயிலில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள், தட்டின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாமியார் நற்கருணைப் பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டுக் குனிந்து அவள் காலைப் பார்த்தார். இடது பாதத்தில் மஞ்சள் பற்றுப் போட்டு, மேலே துணி சுற்றியிருந்தது. பிரித்தார். நடுவில் கறுத்த ஒரு துளை. வேலி முள் அவ்வளவு பெரிய துளை போடாது. எனக்கு அந்த அளவு தெரியும். ஒரு கொட்டாங்குச்சி நிறைய நானே பிடுங்கியிருக்கிறேன்.

ஜீப்பில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வாடிப்பட்டி தாண்டியதும் பற்களுக்கு நடுவிலிருந்து பேசினாள். குனிந்து காதை அவள் உதட்டில் வைத்துக் கேட்டேன்.

"கொல்லையில கூட்டும்போது... பத்து நாளாச்சு."

"ஏண்டி சொல்லல? ஒரு ஊசி போட்டா முடிஞ்சிருக்கும்."

"ஊர் முன்னாடி சொல்லிட்டீகளே... நம்ம வீட்டுலருந்தா... முதல் பேரு?"

ரணஜன்னி, இங்கிலீசில் டெட்டனஸ், என்றார் டாக்டர். இருட்டறையில் போட்டார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, ஒரு பாத்திரம் விழுந்தால்கூட உடம்பு வில்லாக வளைந்துவிடும் என்று சொல்லி என்னை வாசலில் உட்கார வைத்தார்கள். மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அப்போதுதான். நாலாம் நாள், குருத்து ஞாயிறு கழிந்த திங்கள், காலையில் அவள் போய்விட்டாள்.

தூம்பா தயாராக இருந்தது. கைப்பிடி ஆடவில்லை, பலகை முனகவில்லை, அவள் கால் வெளியே தொங்கவில்லை. முன்னால் நான்தான் தோள் கொடுத்தேன். அது பளுவாகவே இல்லை.

குழி மூடியதும் நாலு பேர் காலித் தூம்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினார்கள். அது கல்லறை வாசலைக் கடந்ததும் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சூசை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வாரமாக அடக்கி வைத்ததையெல்லாம் இருமினான். துண்டால் பொத்தவில்லை. இன்னொருவர் இருமினார். அப்புறம் இன்னொருவர். ஒரு பெண் சிலுவைக் கல்லைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள், உட்காரக் காத்திருந்தவள்போல.

வியாகுலம் என் பக்கத்தில் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. இந்த நேரத்துல கேக்கக் கூடாது. இவருக்கு மாசியிலருந்து சளியோட ரத்தம் வருது. சாமி ஜீப்பு நிக்கிது. பேர எழுதிட்டீகன்னா..."

அவளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வரிசையாகவே நின்றார்கள். நாலு நாளாக மாற்றாத சட்டையின் பையில் கைவிட்டேன், அந்தத் தாள் இருந்தது. 'ஒருவருமில்லை' என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுத ஆரம்பித்தேன். பதினொரு பேர். கடைசியில் இன்னாசியண்ணன் வந்து வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இரண்டு காலும் தூண்போல வீங்கியிருந்தன.

"கேட்டேனேண்ணே, அன்னிக்கே."

"கேட்டீக தலைவரே. அது வெளிய நின்னுச்சுல்ல" என்றார்.

ஜீப் அன்றைக்கு மூன்று நடை போனது. பதினொரு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். சூசை இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். மிக்கேலம்மாள் முன்னால் போய் அத்தனை பேரையும் காப்பாற்றினாள் என்று ஊரில் சொல்கிறார்கள், அவள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இல்லை, ஒரு துருப்பிடித்த ஆணி, போடாத ஒரு ஊசி, எழுதாத ஒரு பேர் என்று நான் கத்துவேன். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள்.