வியாழக்கிழமைக் கரை

1991-ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, கர்த்தர் பரமேறிய திருநாளன்று காலையில், ஷெல்விக் ஊரின் கடல் ஒரு இரும்பு அடுப்பைக் கொண்டுவந்து ஒத்னியின் வீட்டுக் கரையில் வைத்தது. புரட்டித் தள்ளவில்லை, வைத்தது. நான்கு கால்களும் கூழாங்கற்களின் மேல் ஆடாமல் நின்றன. எட்டு வருடம் கடலடியில் கிடந்த இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பால்கஞ்சி பொங்கி வழிந்த கறை மட்டும் பக்கவாட்டில் அப்படியே இருந்தது. அடுப்பின் காலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை. அந்த வாரம் இறால் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆட்டுக்குட்டிகள் ஒன்றுகூடச் சாகவில்லை, ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுப்பு கடலுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். ஷெல்விக்கில் கடல் இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து, ஒடுங்கி, ஊர் வாசலில் வந்து முடிகிறது. குளிர்காலத்தில் அது டிராக்டர் ஓடும் அளவுக்கு இறுகிவிடும். வேண்டாத சாமானை அந்தப் பனிக்கட்டியின் நடுவில் இழுத்துப்போய் விட்டுவிட்டால், வசந்தத்தில் பனி உருகும், சாமான் மூழ்கும், வேலை முடிந்தது. இதை எந்தப் புண்ணியவான் முதலில் கண்டுபிடித்தானோ தெரியாது. வீசினோம் என்று யாரும் சொல்வதில்லை. பனிக்குக் கொடுத்தோம் என்பார்கள். சீட்டாட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியைக்கூட வெளியே காயப்போட மாட்டார்கள். அவ்வளவு பயபக்தியான ஜனம். பனிக்குக் கொடுப்பதில் மட்டும் ஒருவருக்கும் நெஞ்சு உறுத்தியதில்லை. நாட்டில் எண்ணெய்ப் பணம் புரளத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு புதுச் சமையலறை வந்தது, ஐந்தாறு வருடத்தில் அதுவும் பழசாகி இன்னொன்று வந்தது. ஜெப வீட்டில் மாதர் சங்கக் கூட்டம் என்றால் வாஃபிள் பலகாரமும் காப்பியும் மிஷன் ஊழியத்துக்கான பரிசுச் சீட்டும். பேச்செல்லாம் யார் வீட்டில் என்ன புதுசு என்பதுதான். மார்ச் மாதத்தில் பனியின் நடுவே பார்த்தால் சோபாவும் கட்டிலும் குளிர்பெட்டியுமாக ஒரு கடையே விரித்த மாதிரி இருக்கும்.

ஒத்னி விதவை. ஒரே மகன் யூஸ்தைன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை, கித்தார் வாசித்துப் பாடுவான், இருபத்திரண்டு வயதுக்கு மிஞ்சிய விசுவாசம். அந்த விசுவாசம்தான் தொந்தரவாகப் போயிற்று. 1983 பிப்ரவரியில் ஜெப வீட்டில் சாட்சி சொல்ல எழுந்தவன், கடலைப் படைத்தவர் அதைக் குப்பைத்தொட்டியாகப் படைக்கவில்லை, நாம் கீழே தள்ளுவதெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அடுத்த வரிசையிலிருந்த பக்கத்து வீட்டு தோர்மோத் சத்தமாக இருமினார். ஒத்னிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்கே ஆரஞ்சு நிறத்தில் புதுச் சமையலறை வந்து இறங்கியது. மாமியார் காலத்து அடுப்பை தோர்மோத்தே டிராக்டரில் கட்டி பனியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆலையிலிருந்து திரும்பிய மகன் சுவரில் அடுப்பிருந்த இடத்தைப் பார்த்தான்.

"நல்லா எரிஞ்சுட்டுதானம்மா இருந்துச்சு? அதுக்கு என்ன கேடு?"

"ஊர்ல எல்லாரும் மாத்துறாங்க. நான் மட்டும் என்னடா பாவம் பண்ணேன்?"

"அதான் கேக்குறேன். என்ன பாவம் பண்ணோம்னு கொஞ்சம் யோசிங்க."

"போதும், நிறுத்து! எனக்கே பிரசங்கம் பண்றியா? உனக்கு அவ்ளோ பாசம்னா அந்த அடுப்போடயே போய்க் குடும்பம் நடத்து. இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத. எனக்கு நீ வேண்டாம், போ!"

அவன் போனான். கொட்டகையிலிருந்து கயிற்றை எடுத்து, பனியின் நடுவே நடந்துபோய், ஒரு முனையை அடுப்பிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு கரையை நோக்கி இழுக்கத் தொடங்கினான். ஒத்னி புதுச் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வெயில் நன்றாக அடித்தது, அந்த வருடத்தின் முதல் வெயில். திட்டினாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். தண்ணீர் கொதித்தபோது பனியின் மேல் அடுப்பும் இல்லை, மகனும் இல்லை.

மூன்று வாரம் தேடினார்கள், கிடைக்கவில்லை. பாட்டி காலத்து அடுப்பை மீட்கப் போன பிள்ளை என்று ஊர் அழுதது. போதகர் விபத்து என்று சபைப் பதிவேட்டில் எழுதினார். தான் சொன்னதை ஒத்னி யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனாள், ஆனால் நற்கருணைக்கு எழுந்திருக்கவில்லை. தகுதியில்லை என்று பீடத்தண்டை போகாமல் உட்கார்ந்தே இருப்பவர்கள் அந்த ஊரில் பலர் உண்டு என்பதால் அதை யாரும் கவனிக்கவுமில்லை. ஒரு குளிர்காலம் ஒருவரும் பனிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் தோர்மோத் ஒரு குளிர்பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார், பிறகு எல்லோரும். ஒத்னியும் தபாலில் வரும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். திரைச்சீலை, விளக்கு, மூன்று காப்பி எந்திரம். பெட்டியைப் பிரிக்கும் நேரத்துக்கு மட்டும் நெஞ்சு அடங்கியது, அவ்வளவுதான்.

எட்டு வருடம் இப்படிப் போனபின்தான் அடுப்பு வந்தது. அடுத்த வியாழன் ஒரு தையல் எந்திரமும் மூன்று நாற்காலியும். அதற்கடுத்த வியாழன் 1968-இன் நீல நிற மொபெட், பெட்ரோலோடு. ஒவ்வொரு வியாழனும், ஒத்னியின் முப்பதடிக் கரையில் மட்டும், அக்கம்பக்கத்துக் கரைகளில் ஒரு ஆணிகூட இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடத்துக்குள் ஊர் அதன் சட்டத்தைப் புரிந்துகொண்டது. தவறி விழுந்தது எதுவும் வராது. வேண்டாம் என்று மனிதன் போட்டது மட்டும்தான் வரும். படகிலிருந்து நழுவிய பணப்பைக்காக தோர்மோத் இரண்டு வருடம் காத்திருந்தார், வரவில்லை. ஆனால் தும்மியபோது விழுந்துவிட்டது என்று மனைவியிடம் அவர் சத்தியம் செய்திருந்த பல்செட் வந்து சேர்ந்தது. ஊர் ஒரு மாதம் சிரித்தது. 1957-இல் யாரோ கோணியில் கட்டிப் போட்ட ஐந்து பூனைக்குட்டிகள் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. செத்துத்தான் இருந்தன, ஆனால் ரோமம்கூடக் கலையாமல், தூங்குவதுபோல. கடல் எதையும் கெடுக்கவில்லை. உயிர் கொடுப்பது தன் வேலையல்ல என்றும் அதற்குத் தெரிந்திருந்தது.

வந்ததையெல்லாம் ஒத்னி தள்ளுவண்டியில் ஏற்றி அவரவர் வாசலுக்குக் கொண்டுபோனாள். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்களுதா? எங்க வீட்ல இப்படி ஒண்ணு இருந்ததே இல்லியே" என்று, தங்கள் பெயரையே பின்னால் செதுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துச் சொன்னார்கள். தோர்மோத் தன் குளிர்பெட்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "நல்ல பெட்டி. எந்த மகராசன் போட்டானோ" என்றார். ஒத்னி வாதாடாமல் எல்லாவற்றையும் தன் புல்வெளியில் அடுக்கினாள். ஆடு மேய இடமில்லாமல் போயிற்று. புதிதாக வாங்குவதை மட்டும் ஊர் நிறுத்தவில்லை. பனிக்குப் பதிலாக லாரியில் ஏற்றி வேறு எங்கோ அனுப்பினார்கள்.

புதன்கிழமைகளில் அவள் முழங்காலிட்டு இரண்டு ஜெபம் செய்வாள். ஆண்டவரே, என் பிள்ளையை எனக்குக் கொடும், மண்ணிலாவது வைக்கிறேன் என்பது ஒன்று. ஆண்டவரே, அவன் அந்தக் கரைக்கு மட்டும் வரவேண்டாம் என்பது இன்னொன்று. வராவிட்டால் அவன் தவறி விழுந்தவன். வந்தால், அவனைப் போட்டவள் அவள். இரண்டுக்கும் ஆமென் சொல்லிவிட்டுப் படுப்பாள். தூக்கம் எங்கே வரும்?

1996 அக்டோபர் கடைசி வியாழன் காலை அவன் வந்தான். பாசி ஒட்டாமல், அவள் பின்னிய சாம்பல் நிறச் சட்டையோடு, இருபத்திரண்டு வயதாகவே, முகம் அவள் வீட்டைப் பார்த்தபடி கிடந்தான். தன் சாமான் வந்திருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்க்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். போதகரை அழைத்துவந்தார்கள். ஒத்னி கூழாங்கற்களில் உட்கார்ந்து மகனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. தெரியாதவர்கள் பார்த்தால் பாட்டியும் பேரனும் என்று நினைத்திருப்பார்கள்.

தோர்மோத் கெட்ட மனுஷன் இல்லை. எல்லோர் மனதிலும் ஓடியது அவர் மனதிலும் ஓடியது. அதை மூடத்தான் பார்த்தார். "ஒத்னி, மனசப் போட்டுக் குழப்பிக்காதம்மா. கடலும் ஒரு தடவ தப்புப் பண்ணியிருக்கும். விபத்துல போன பிள்ளதான், ஊருக்கே தெரியும்."

"கடல் தப்புப் பண்ணலண்ணே."

"அம்மா, இப்ப எதுவும் பேச வேண்டாம்," என்றார் போதகர்.

"இப்பதான் ஐயா பேசணும். பதிமூணு வருஷமா பேசாம இருந்துட்டேன். நீ எனக்கு வேண்டாம், போன்னு சொன்னேன். ஒரு அடுப்புக்காக. அதக் கேட்டுட்டுதான் போனான். இவன் என்னோடது. நான் போட்டது. அந்தப் பதிவேட்ட மாத்தி எழுதுங்க."

அவளைத் தேற்றும்படி ஒரு வார்த்தை அந்த ஊரில் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள். தோர்மோத் புல்வெளிக்குப் போய், ஐந்து வருடமாக மழையில் நின்ற தன் குளிர்பெட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்துபோனார். அவருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, மறைக்கக் கை இல்லை.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. பதிவேட்டில் விபத்து என்பதைப் போதகர் அடிக்கவில்லை. பக்கத்தில், அவன் தாய் வேறுவிதமாகச் சொல்கிறாள் என்று சேர்த்து எழுதினார். இன்றும் போய்ப் பார்க்கலாம். மறுநாள் ஞாயிறு ஒத்னி எழுந்து, பீடத்தண்டை முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கினாள். மன்னிப்பு கிடைத்ததா என்று பின்னால் மாதர் சங்கத்தில் ஒருத்தி கேட்டபோது, கிடைத்தது, ஆனால் அவன் இல்லையே என்றாள்.

கடல் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எழுபது வருடக் குளிர்காலம் லேசில் தீருமா? வியாழக்கிழமைகளில் ஜனங்கள் தள்ளுவண்டியோடு வருகிறார்கள், இது என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒத்னி எல்லோருக்கும் காப்பி ஊற்றுகிறாள். கரைப் பக்கம் மட்டும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் போட்டது வந்து சேர்ந்துவிட்டது.